மில்லிசெகண்டுக்கு விலை ட்ரெபிள்: அனலாக் டிலே பெடலைத் தேர்ந்தெடுப்பதும் கையாள்வதும்

கிதார் ஒலியைச் சற்றுத் தாமதித்து எக்கோவாகத் திருப்பித் தரும் அனலாக் டிலே பெடல் வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது அட்டைப்பெட்டியில் இருக்கும் அதிகபட்ச நேரத்தை. 300 மில்லிசெகண்ட், 600 மில்லிசெகண்ட், 800 மில்லிசெகண்ட் என்று எண் ஏற ஏறப் பெடலும் ஒசத்தி என்று தோன்றும். டிஜிட்டல் டிலேயில் அப்படி நினைப்பதில் பெரிய தவறில்லை. அங்கே நேரம் என்பது நினைவகத்தின் அளவு, நினைவகமோ இன்று மலிவு. அனலாக்கில் கணக்கு வேறு. நேரத்தை நீட்டினால் ட்ரெபிள், அதாவது ஒலியின் உயர் அதிர்வெண் பகுதி, குறையும், இரைச்சல் கூடும், சில சமயம் இரண்டுமே நடக்கும். இந்தக் கொடுக்கல் வாங்கல் புரிந்துவிட்டால் எந்தப் பெடல் வேண்டும், அதைப் பெடல்களின் சங்கிலியில் எங்கே வைப்பது, ஏன் சில இடத்தில் அது கழுத்தறுக்கிறது என்பதெல்லாம் ஏறக்குறையத் தானாகவே விளங்கும்.

சிப்புக்குள் என்ன நடக்கிறது

1969-இல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தில் சாங்ஸ்டர், டீர் என்ற இருவர் உருவாக்கிய பிபிடி (பக்கெட் பிரிகேட் டிவைஸ்) என்ற சிப்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அதில் ஆயிரக்கணக்கான குட்டிக் கெபாசிட்டர்கள் வரிசையாக இருக்கும். கிதாரிலிருந்து வரும் மின்னழுத்தத்தை முதல் கெபாசிட்டர் பிடித்து வைக்கும். கிளாக் என்ற சீரான துடிப்பு தரும் சுற்று துடிக்கும்போதெல்லாம் அது அடுத்ததற்குத் தள்ளப்படும். கட்டட வேலையில் சித்தாள்கள் வரிசையாக நின்று சாந்துச் சட்டியைக் கைமாற்றி மாடிக்கு ஏற்றுவதைப் போலத்தான். ஒரு கையில் சட்டி இருந்தால் அடுத்த கை அதை வாங்கக் காலியாக இருந்தாக வேண்டும். அதனால் 4096 கட்டங்கள் உள்ள சிப்பில் ஒரு நேரத்தில் பாதிக் கட்டங்களில்தான் ஒலி இருக்கும்.

இதிலிருந்து வரும் சூத்திரம் எளிமையானது: தாமத நேரம் = கட்டங்களின் எண்ணிக்கை ÷ (2 × கிளாக் வேகம்). மத்சுஷிடாவின் புகழ்பெற்ற எம்என்3005 சிப்பில் 4096 கட்டங்கள். அதில் 300 மில்லிசெகண்ட் தாமதம் வேண்டுமானால் கிளாக்கை 6.8 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்க வேண்டும். கிளாக் வேகத்தில் பாதிக்கு மேலான அதிர்வெண் எதையும் சிப் சரியாகக் கடத்தாது. மீறி உள்ளே போனால் சம்பந்தமில்லாத ஒரு சுரமாக மடங்கி வெளியே வரும். ஆக எல்லை 3.4 கிலோஹெர்ட்ஸ். நிஜத்தில் அதற்கு மேலானதைத் தடுக்கும் ஃபில்டர் செங்குத்தாக வெட்டாது, சரிந்துதான் இறங்கும். அதனால் வடிவமைப்பாளர்கள் இன்னும் கீழேயே, இரண்டு அல்லது மூன்று கிலோஹெர்ட்ஸ் அருகிலேயே வெட்டத் தொடங்கிவிடுவார்கள்.

கிதாருக்கு இது போதுமா? மேல் இ தந்தியின் திறந்த சுரம் சுமார் 330 ஹெர்ட்ஸ். 24-ஆம் ஃபிரெட்டில் கூட 1,319 ஹெர்ட்ஸ்தான். சுரம் முழுசாக வரும். போவது பிக் தந்தியில் படும்போது எழும் ‘டிக்’. அனலாக் எக்கோ ‘பின்னால் ஒதுங்கி நிற்கிறது’ என்று வாசிப்பவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். எக்கோவில் அந்த விளிம்பு இல்லாததால் அடுத்து வாசிக்கும் சுரத்தோடு அது மோதுவதில்லை. ஒவ்வொரு ரிப்பீட்டும் மீண்டும் அதே ஃபில்டர் வழியாகப் போவதால் நான்காவது ஐந்தாவது ரிப்பீட் வரும்போது வெறும் நிழல்தான் மிஞ்சும்.

அதே 4096 கட்டச் சிப்பை 600 மில்லிசெகண்டுக்கு இழுத்தால் கிளாக் 3.4 கிலோஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். ஒலிக்கு மிஞ்சுவது 1.7 கிலோஹெர்ட்ஸ். போதாக்குறைக்கு 3.4 கிலோஹெர்ட்ஸ் என்பது மனிதக் காது மிக நுட்பமாகக் கேட்கும் பகுதி. கிளாக்கின் கீச்சொலி அங்கே அப்பட்டமாகக் கேட்கும். பழைய டிலே பெடலைத் திறந்து உள்ளே இருக்கும் ட்ரிம்மர் என்ற குட்டித் திருகைத் திருகி ‘கூடுதல் நேரம்’ எடுக்க முயல்பவர்களுக்கு இந்த விசில்தான் பரிசு. தயாரிப்பாளர்கள் செய்வது வேறு: இரண்டு 4096 சிப்புகளையோ நான்கு 2048 சிப்புகளையோ தொடராக இணைப்பார்கள். கிளாக் 6.8-இலேயே நிற்கும், நேரம் இரட்டிக்கும். ஆனால் ஒவ்வொரு சிப்பும் தன் பங்குக்கு இரைச்சலையும் சிதைவையும் சேர்க்கும்.

இன்னொரு சங்கதி கடையில் யாரும் சொல்வதில்லை. பெரும்பாலான பெடல்களில் ஃபில்டர் நிலையானது. மிக நீளமான நேரத்துக்கு ஏற்றபடி அமைக்கப்பட்டது. நீங்கள் நேரத்தை 100 மில்லிசெகண்டுக்குக் குறைத்தால் கிளாக் 20 கிலோஹெர்ட்ஸைத் தாண்டும், சிப் தாராளமாக ட்ரெபிளைக் கடத்தத் தயாராக இருக்கும். ஆனால் ஃபில்டர் விடாது. நீண்ட நேரத்துக்கான விலையை நீங்கள் குறுகிய நேரத்திலும் கட்டிக்கொண்டே இருக்கிறீர்கள். குட்டி எக்கோ மட்டுமே போதும் என்பவர் பெரிய எண் பார்த்து வாங்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது.

இரைச்சலை அடக்க இந்தப் பெடல்களில் கம்பேண்டர் என்ற சுற்று இருக்கும். பெரும்பாலும் என்இ570 குடும்பத்துச் சிப். பிபிடிக்குள் போகுமுன் ஒலியின் ஏற்ற இறக்கத்தை 2:1 என்று அமுக்கும், வெளியே வந்ததும் அதே விகிதத்தில் விரிக்கும். மெல்லிய பகுதிகளில் இரைச்சலும் சேர்ந்து கீழே போய்விடும். இதில் ஒரு பக்கவிளைவு உண்டு: ரிப்பீட்டின் வால் பகுதி லேசாக ‘மூச்சு விடுவது’ போல ஏறி இறங்கும். சிலருக்கு அதுவே பிடிக்கும்.

எதற்கு எந்தப் பெடல்

முதலில் பாட்டின் வேகத்தைக் கணக்கிடுங்கள். 60,000-ஐ பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை தாள அடி என்ற எண்ணால்) வகுத்தால் ஒரு தாள அடியின் நீளம் மில்லிசெகண்டில் கிடைக்கும். 120 பிபிஎம்மில் அது 500. எட்டாம் பங்கு சுரம் 250. டாட்டட் எய்ட்த் என்று எல்லோரும் கேட்கும் முக்கால் அடி 375. 300 மில்லிசெகண்ட் பெடலில் அந்த முக்கால் அடி வேண்டுமானால் பாட்டு 150 பிபிஎம் அல்லது அதற்கு மேல் ஓட வேண்டும். 90 பிபிஎம்மில் எட்டாம் பங்கே 333 ஆகிவிடுகிறது. அங்கே 300 பெடலால் முடிவது 222-இல் நிற்கும் டிரிப்லெட்டும் 167-இல் நிற்கும் பதினாறாம் பங்கும் மட்டும்தான்.

தாளத்தோடு பூட்டிய எக்கோ வேண்டாம், தனி வாசிப்புக்குப் பின்னால் கொஞ்சம் உடம்பு வேண்டும், ராக்கபில்லி வகைச் சட்டென்ற ஒற்றை எக்கோ வேண்டும் என்றால் 300 தாராளம். இந்த வகையின் அடையாளம் பாஸ் (Boss) நிறுவனத்தின் டிஎம்-2. 1981-இல் வந்தது, 1984-இல் நின்றது. எதிரே 1983-இல் அதே நிறுவனத்தின் டிடி-2 டிஜிட்டல் டிலே 800 மில்லிசெகண்டோடு வந்துவிட்டதால் அன்றைய சந்தை அந்தப் பக்கம் ஓடியது. பிறகு 2014-இல் டிஎம்-2டபிள்யூ என்ற பெயரில் திரும்ப வந்தது. ஸ்டாண்டர்ட் மோடில் பழைய 300 மில்லிசெகண்டும் அதன் மங்கல் ஒலியும். கஸ்டம் மோடில் சற்றுத் தெளிவான ஒலியோடு 800 வரை. நேரத்தைக் காலால் மாற்ற எக்ஸ்பிரஷன் பெடல் ஜாக்கும் உண்டு. ஒரே ஒரு அனலாக் டிலேதான் வாங்க முடியும் என்பவருக்கு எங்கள் பரிந்துரை இதுவே. இபனீஸ் ஏடி9-உம் இதே 300 வட்டாரம்தான். பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் பெரிங்கர் விடி400 பிளாஸ்டிக் உடம்பானாலும் உள்ளே உண்மையான பிபிடி.

600-க்கு எம்எக்ஸ்ஆர் கார்பன் காப்பி. 2008-இல் வந்தது முதல் பெடல் பலகைகளில் அதிகம் காணப்படும் அனலாக் டிலே அதுவாகத்தான் இருக்கும். ஒலி நன்றாகவே இருண்டது. மாட் பொத்தானை அழுத்தினால் ரிப்பீட் லேசாக அலைபாயும். அதன் வேகமும் ஆழமும் வெளியே குமிழாக இல்லை, பின் தகட்டைக் கழற்றினால் உள்ளே இரண்டு ட்ரிம்மர்களாக இருக்கின்றன. வாங்கிய பலர் கடைசிவரை இதைத் திறந்து பார்ப்பதே இல்லை. அதன் மங்கல் பிடிக்காதவர்களுக்காக பிரைட் என்ற வேறு பதிப்பும் வந்தது.

அலைபாய்தலே முதன்மை என்றால் எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் டீலக்ஸ் மெமரி மேன். கோரஸ், வைப்ராட்டோ இரண்டும் ரிப்பீட்டின் மேல் ஏறும். யூ2 குழுவின் கிதார் கலைஞர் எட்ஜ் தொடக்க காலத்தில் வாசித்தது இந்த வகைப் பெடல்தான். பழைய பெரிய பெட்டியை அமெரிக்காவிலிருந்து வரவழைப்பவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதில் அடாப்டர் கிடையாது. மின்கம்பி நேராகப் பெட்டிக்குள்ளிருந்து வரும், அது 120 வோல்ட் வட்டாரத்துக்கானது. நம் 230 வோல்ட் பிளக்கில் மாற்றுமுனை போட்டுச் சொருகினால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.

டாப் டெம்போ, அதாவது தட்டித் தாள வேகத்தை வைக்கும் வசதி, வேண்டுமா என்பதை நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மெமரி மேன் 550-டிடி, கார்பன் காப்பி டீலக்ஸ் போன்றவற்றில் அது உண்டு. ஒலிப்பாதை அனலாக், கிளாக்கை ஓட்டுவது மட்டும் ஒரு மைக்ரோகன்ட்ரோலர். விலை ஏறும். டிரம்மர் மெட்ரோனோமோடு வாசிக்கும் குழுவில், ஒவ்வொரு பாட்டுக்கும் வேகம் மாறும் நிலையில், தெளிவான தாள எக்கோதான் உங்கள் வாசிப்பின் உயிர் என்றால் அனலாக்கை விட்டுவிட்டு டிஜிட்டல் வாங்குவதே புத்திசாலித்தனம். மங்கிய ரிப்பீட் அந்த வேலையைச் செய்யாது.

‘அனலாக்’ என்று அச்சிட்ட மலிவுப் பெடல்களில் பலவற்றினுள் இருப்பது பிடி2399 என்ற 16 கால் சிப். அது ஒலியை ஒற்றை பிட் ஓட்டமாக மாற்றி 44 கிலோபிட் நினைவகத்தில் சேமித்துத் திருப்பித் தருகிறது. அதாவது டிஜிட்டல். நேரக் குமிழைத் திருப்பினால் அதிலும் சுருதி வளையும் என்பதால் அதை வைத்துப் பிரித்தறிய முடியாது. 340 மில்லிசெகண்டைத் தாண்டி இழுக்கும்போது வெறுமனே மங்காமல் கரகரப்பு கூடினால் சந்தேகப்படலாம். சிப் மோசமானது என்று அர்த்தமில்லை; பிபிடி விலை கொடுத்து அதை வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

சங்கிலியில் இடம்

ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், ஃபஸ் என ஒலியை உடைக்கும் பெடல்கள் எல்லாவற்றுக்கும் பிறகு, ரிவர்புக்கு முன் டிலே. காரணம் இது: டிஸ்டார்ஷன் சத்தமானதை அமுக்கி மெல்லியதைத் தூக்கும். டிலேயை அதற்கு முன்னால் வைத்தால் தேய்ந்து போக வேண்டிய ரிப்பீட்டுகள் மூல சுரத்தின் உயரத்துக்கே ஏறிவிடும். அதோடு புதிய சுரமும் பழைய ரிப்பீட்டும் ஒரே கிளிப்பிங்கில் கலந்து மூன்றாவது ஒரு சத்தத்தைப் பெற்றெடுக்கும். ஒற்றை எக்கோவாக வைத்து லேசான கிரன்ச்சில் இதை வேண்டுமென்றே செய்பவர்கள் இருக்கிறார்கள். கூடுதல் கெயினில் களிதான். வால்யூம் பெடல் டிலேக்கு முன்னால் இருந்தால் மூல ஒலியை மூடிய பிறகும் எக்கோ தொடரும், பின்னால் இருந்தால் இரண்டும் சேர்ந்து அறுந்துவிடும்.

ஆம்பின் சொந்த கெயின் சேனலைத்தான் பயன்படுத்துகிறீர்கள் என்றால் டிலே எஃபெக்ட்ஸ் லூப்பில் (ஆம்பின் கெயின் பகுதிக்குப் பின் பெடல்களை இணைக்கும் இடத்தில்) போக வேண்டும். இங்கே லெவலைக் கவனியுங்கள். சில ஆம்புகளின் லூப், கிதாரைவிட வலுவான லைன் லெவலில் ஓடும். 9 வோல்ட் பெடலின் பிபிடி அவ்வளவு தாங்காது. மூல ஒலி சுத்தமாக இருந்து ரிப்பீட் மட்டும் உடைந்து கேட்டால் காரணம் அதுவே. லூப்பில் லெவல் சுவிட்ச் இருந்தால் -10 என்ற குறைந்த நிலைக்கு மாற்றுங்கள். பெடல் வரிசையில் டிலேக்கு முன்னால் பூஸ்டர் வைத்தாலும் இதே உடைசல் வரும். சோலோவுக்குச் சத்தம் வேண்டுமானால் பூஸ்டரை டிலேக்குப் பின்னால் நகர்த்துங்கள்.

ட்ரூ பைபாஸ் (அணைத்தால் ஒலி பெடலின் சுற்றைத் தொடாமல் நேராகக் கடக்கும் அமைப்பு) உள்ள பெடலில் சுவிட்சை அழுத்திய கணத்தில் எக்கோ கத்தரித்தாற்போல் நிற்கும். பாட்டின் முடிவில் வால் தானாகக் கரைய வேண்டுமானால் சுவிட்சைத் தொடாமல் விட்டுவிடுவதே வழி.

குமிழ்களை வைப்பது

டாப் டெம்போ இல்லாத பெடலில் நேரத்தை வைக்க ஒரு முறை. எக்கோவின் அளவைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸைக் கடிகார முள்ளின் 12 மணி நிலைக்கும், ரிப்பீட்டுகளின் எண்ணிக்கையை மாற்றும் ரீஜனை ஐந்தாறு ரிப்பீட் கேட்கும் அளவுக்கும் வையுங்கள். மெட்ரோனோமை ஓடவிட்டு, இடது கையால் தந்திகளை அமுக்கிப் பிடித்து, முதல் அடியில் ஒரே ஒரு ‘சக்’. ரிப்பீட்டுகள் மெட்ரோனோமிலிருந்து முன்னே நழுவினால் நேரம் குறைவு, பின்னே நழுவினால் அதிகம். ஐந்தாவது ரிப்பீட்டும் ஒட்டி விழுந்தால் சரி. முதல் ரிப்பீட்டை மட்டும் கேட்டு முடிவு செய்தால் 10 மில்லிசெகண்ட் பிழை பிடிபடாது, ஐந்தாவதில் அது 50 ஆகிவிடும். பிறகு ரீஜனை வேண்டிய இடத்துக்கு இறக்கி, நேரக் குமிழின் இடத்தைத் துண்டு டேப்பில் குறித்து வையுங்கள்.

ஸ்லாப்பேக் என்ற சட்டென்ற ஒற்றை எக்கோவுக்கு 90 முதல் 130 மில்லிசெகண்ட், ரீஜன் முழுக்கக் கீழே, மிக்ஸ் 12 மணி அல்லது கொஞ்சம் மேலே. சோலோவுக்கு 280-300, மூன்று ரிப்பீட், மிக்ஸ் 10 மணி. வீட்டில் தனியாக வாசிக்கும்போது பொருத்தமாகத் தோன்றும் மிக்ஸ், பேஸும் டிரம்ஸும் சேர்ந்ததும் காணாமல் போகும். ட்ரெபிள் இல்லாத ரிப்பீட்டை அவை எளிதாக மூடிவிடும். மேடையில் ஒரு மணி அளவு கூட்டித்தான் வைக்க வேண்டும். பதிவில் நேர்மாறு: அங்கே குறைத்தே வையுங்கள்.

ரீஜன் மூன்று மணியைத் தாண்டும்போது பெரும்பாலான பெடல்கள் தாமாகவே ஊளையிடத் தொடங்கும். ஒரு சுற்றில் இழப்பதைவிடத் திரும்பச் செலுத்துவது அதிகமாகிவிடுவதால் ஒலி வளர்ந்துகொண்டே போகும். அந்த நிலையில் நேரக் குமிழை 300-இலிருந்து 150-க்குத் திருப்பிப் பாருங்கள். சிப்புக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒலி மெதுவான கிளாக்கில் நுழைந்தது. இப்போது இரண்டு மடங்கு வேகத்தில் வெளியே தள்ளப்படுகிறது. அதனால் சுருதி ஒரு ஆக்டேவ் மேலே பாயும். ஊளை ஸ்பீக்கரைப் பதம் பார்க்கும் அளவுக்கு ஏறக்கூடும் என்பதால் ரீஜன் குமிழிலிருந்து கையை எடுக்காதீர்கள்.

மின்சாரமும் கோளாறுகளும்

கார்பன் காப்பி எடுப்பது சுமார் 26 மில்லிஆம்பியர்தான். 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ், 100 மில்லிஆம்பியர் வெளியீடு உள்ள தனித்தனி இணைப்புப் பவர் சப்ளை போதும். சிக்கல் அளவில் இல்லை, பகிர்வில். ஒரே அடாப்டரிலிருந்து கிளைக்கம்பி வைத்து அனலாக் கோரஸையும் டிலேயையும் ஓட்டினால் இரண்டின் கிளாக்குகளும் மின்கம்பி வழியே கலந்து, நேரக் குமிழைத் திருப்பத் திருப்ப ஏறி இறங்கும் ஒரு கீச்சொலி வரும். பெடல் கெட்டுவிட்டது என்று பழுதுபார்ப்பவரிடம் போகுமுன் டிலேக்கு மட்டும் ஒரு புது 9 வோல்ட் பேட்டரி போட்டுப் பாருங்கள். கீச்சொலி போய்விட்டால் பெடலில் குறையில்லை.

1980-களின் டிஎம்-2 வாங்குபவர்கள் அடிப்பகுதி லேபிளில் ஏசிஏ என்று எழுதியிருப்பதைப் பார்க்க வேண்டும். அது 12 வோல்ட் சீர்ப்படுத்தாத பழைய அடாப்டருக்கானது. உள்ளே ஒரு மின்தடை வோல்டேஜை இறக்கிக்கொள்ளும். இன்றைய 9 வோல்ட் தனி இணைப்பில் சொருகினால் மேலும் இறங்கி விளக்கு மங்கும், ரிப்பீட் வலுவிழக்கும். பேட்டரியில் பளிச்சென்று வேலை செய்தால் காரணம் இதுதான் என்று உறுதியாகச் சொல்லலாம்.

மூல ஒலி வருகிறது, ரிப்பீட் மட்டும் கரகரக்கிறது அல்லது வரவே இல்லை என்றால் முதல் சந்தேகம் பயஸ் ட்ரிம்மர் மேல். பிபிடி தன் மின்னழுத்த எல்லையின் நடுவில் உட்கார்ந்தால்தான் ஒலியின் இரு பக்கமும் வெட்டுப்படாமல் போகும்; ஆண்டுகள் ஆக ஆக அந்த நடு நகர்ந்துவிடும். திறந்ததும் ட்ரிம்மர்களின் தற்போதைய நிலையை மெல்லிய மார்க்கரால் குறியுங்கள். உள்ளே மூன்று நான்கு இருக்கும். பயஸ், கெயின், கிளாக் சமன் என்று ஒவ்வொன்றுக்கும் வேறு வேலை, எது எதென்று சர்க்யூட் படம் பார்க்காமல் தொடக் கூடாது. மிக்ஸை முழுக்க ஏற்றி, ஒரே அளவில் சுரம் கொடுத்துக்கொண்டே பயஸை மிக மெதுவாகத் திருப்புங்கள். ஒரு இடத்தில் ஒலி திறக்கும், தெளியும், மறுபக்கம் மீண்டும் உடையும். உடையும் இரண்டு இடங்களுக்கும் நடுவில் விடுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் ஒலியைத் தேடிப் போக வேண்டும். ஒரு கிதார் கேபிளின் நுனியில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரைத் தொடராக இணைத்து, மறுமுனையைச் சிறு ஆம்பில் சொருகினால் அதுவே ஆடியோ புரோப். கேபிளின் கிரவுண்டைப் பெடலின் கிரவுண்டோடு கட்டிவிட்டு, கம்பேண்டரின் வெளியீடு, பிபிடியின் உள்ளீடு, வெளியீடு என்று வரிசையாகத் தொட்டுக் கேளுங்கள். உள்ளீட்டில் ஒலி இருந்து வெளியீட்டில் இல்லையென்றால், சிப்பைக் குறை சொல்லும் முன் கிளாக் ஓடுகிறதா என்று பாருங்கள்; கிளாக் சிப்பே செத்துப்போவதும் உண்டு. கையோடு பழைய எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களையும் மாற்றிவிடலாம். நாற்பது வயதுப் பெடலில் அவை உலர்ந்திருக்கும், செலவும் சொற்பம்.

பிபிடியேதான் போய்விட்டது என்றால், மலிவாகக் கிடைக்கும் எம்என்3005-ஐ இணையத்தில் கண்டவரிடம் வாங்காதீர்கள். மத்சுஷிடா தயாரிப்பை நிறுத்திய பின் வேறு சிப்புகளின் மேற்பரப்பைத் தேய்த்துப் புதிதாக எண் அச்சிட்டு விற்பது பெரிய வியாபாரமாகிவிட்டது. எக்ஸ்வைவ் நிறுவனத்தின் மறுபதிப்பு எம்என்3005 இருக்கிறது. எம்என்3205-க்குப் பதிலாக கூல்ஆடியோவின் வி3205 பொருந்தும். இந்த இரண்டு குடும்பங்களையும் மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 3005, 15 வோல்ட் வட்டாரத்தில் எம்என்3101 கிளாக்கோடு ஓடும். 3205 குறைந்த வோல்டேஜில் எம்என்3102-ஓடு ஓடும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை அப்படியே வைத்தால் ஓடாது. எதைப் போட்டாலும் கடைசியில் பயஸைப் புதிதாக வைத்தாக வேண்டும்; பழைய மார்க்கர் குறி புதுச் சிப்புக்குச் செல்லாது.